ஐந்து கதவு வைத்த பாத்ரூம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்புத் தம்பி சிவபாலனுக்கு அக்காள் காமாட்சியம்மாள் எழுதுவது. நீயும் உன் சம்சாரமும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். நீ போனை எடுத்திருந்தால் கேட்டே தெரிந்துகொண்டிருப்பேன். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம்.

அன்றைக்குப் புது வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் எவரும் நான் அங்கே இல்லவே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. என் மகன் தணிகாசலம் இருந்தான், வழக்கம்போல இருந்தும் இல்லாமல். மருமகள் ஜெயம்மாள் இருந்தாள், கையில் காபித் தட்டோடு. பேத்தி பொன்னி இருந்தாள், நிறைமாதம். பொன்னியின் மாமியார் வாலாஜாபாத் அங்கம்மாள் இருந்தாள், மூக்கைச் சுளித்துக்கொண்டு. கொத்தனார் முனிரத்தினம், எலக்ட்ரீஷியன் மொஹசின், பிளம்பர் சரத்குமார், கதவு வேலை பார்க்கிற பரமசிவம் ஆசாரி, நாலு பேரும் இருந்தார்கள். நான் இருந்தேன். நீ இல்லை. இத்தனை பேரில் ஒருத்தரை நான் செத்தாலும் மன்னிக்கப் போவதில்லை. யார் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்குள் நீயாக ஒரு பெயரை நினைத்துக்கொண்டு சந்தோஷப்படாதே, பயப்படவும் செய்யாதே.

பொன்னிக்கு இது தலைப்பிரசவம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது உலகத்துக்கே தெரியும். ஆனால் வளைகாப்பு அன்றைக்கு, கை நிறைய வளையல் போட்டு அந்தப் பெண் உட்கார்ந்திருக்கும்போது, அங்கம்மாள் அத்தனை பேர் முன்னால் என்னிடம் சொன்னாள்: "சம்மந்திமா, பாத்ரூம் வூட்டுக்குள்ளாற இருக்கணும். உக்கார்ற மாதிரி இருக்கணும். நானே வந்து பார்ப்பேன். சரியா இல்லாங்காட்டி பொண்ண அனுப்பறதா இல்ல, எங்க வூட்லயே பெத்துக்கட்டும்." இதே அங்கம்மாள்தான் கல்யாணத்தில் நான் பார்த்து எடுத்த முகூர்த்தப் புடவையை மணமேடைக்குப் பக்கத்திலேயே திருப்பி, ஜரிகை அசல்தானா என்று உள்பக்கம் பார்த்தவள். காஞ்சிபுரத்தில் பிறந்தவள் நான், காஞ்சிபுரத்தில் நெய்த புடவை அது, அதை என் கண் முன்னால் வாலாஜாபாத்திலிருந்து வந்த ஒருத்தி திருப்பிப் பார்த்தாள். அதற்கு ஒரு பதில் அந்த நிமிஷமே என் வாயில் தயாராகிவிட்டது. மேளச் சத்தத்தில் சொல்ல முடியவில்லை. இன்னும் வாயிலேயேதான் இருக்கிறது. ஆகையால் நீ புரிந்துகொள், எனக்கு அந்த பாத்ரூம் வெறும் பாத்ரூம் இல்லை. அது சரியாக வந்தால் பொன்னி என் வீட்டுக்கு வருவாள், வராவிட்டால் நான் வாலாஜாபாத் போய் அவள் வீட்டு நாற்காலியில் விருந்தாளிபோல உட்கார்ந்து என் கொள்ளுப்பேரப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

நம் வீட்டு வேலை எந்த லட்சணத்தில் நடந்தது என்று கேள். முனிரத்தினம் வந்து சுவரைப் பூசி, கண்ணாடி மாதிரி தேய்த்துவிட்டுப் போவார். அடுத்து மொஹசின் வந்து, "ஒயர் எங்க போவும் ஆயா?" என்று கேட்டு அந்தச் சுவரைக் கொத்துவான். முனிரத்தினம் மறுபடி வந்து, "எவன்மா இப்டி கொதறி வெச்சது?" என்று திட்டிக்கொண்டே பூசுவார். அது காய்வதற்குள் சரத்குமார் பைப்போடு வந்து அதே இடத்தைக் கொத்துவான். பரமசிவம் ஆசாரி தரை போடுவதற்கு முன்னால் அளவெடுத்துக் கதவு செய்தார், தரை போட்ட பிறகு கொண்டுவந்தார், கதவு உள்ளே நுழையவில்லை. தரையைத் தாழ்த்தச் சொன்னார். நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே கிடையாது. ஒருத்தன் உடைத்து வைத்ததை வைத்துத்தான் இன்னொருத்தன் அவனைத் தெரிந்துவைத்திருந்தான். ஏதோ பேய் வந்து போகிற வீடு மாதிரி. எப்போது போன் செய்தாலும் நாலு பேரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "அவரு முடிக்கட்டும்மா, நான் வந்துடறேன்." அந்த அவர் யார் என்று தேடிப் போனால் அவரும் அதையே சொல்வார்.

அப்போதுதான் நான் உனக்குப் போன் செய்தேன். ஆயுசுக்கும் கட்டடம் கட்டுகிற இலாகாவில் வேலை பார்த்துவிட்டு ரிடையராகி அம்பத்தூரில் உட்கார்ந்திருக்கிறவன் நீ. நீ என்ன சொன்னாய்? உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. "அக்கா, நாலு பேரையும் ஒண்ணா உக்கார வையி. ஆளுக்கு ஒரு கலர் குடு. யாரு வேல எங்கன்னு செவுத்துல மொதல்லயே குறி போட்டுடு. ஒருத்தர் வேலையில ஒருத்தர் கை வெக்கக் கூடாது, கேள்வி கேக்கக் கூடாது. அப்பதான் ஒத்துமை வரும்." சொல்லிவிட்டு, மருந்து சாப்பிடுகிற நேரம் என்று போனை வைத்துவிட்டாய்.

நாலு பேரையும் ஒரே நாளில் வரவழைப்பது எப்படி என்று நீ சொல்லவில்லை, அது எனக்கே தெரிந்திருந்தது. ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாகப் போன் செய்து, மற்ற மூன்று பேரும் உன் வேலையைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறார்கள் என்றேன். சாயங்காலத்துக்குள் நாலு பேரும் வாசலில் நின்றார்கள். முனிரத்தினம் ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் பூசுகிற கரண்டியோடு வந்தார்.

"நீதானா அந்தக் கொத்தறவன்?" என்று மொஹசினைக் கேட்டார்.

"நீங்கதானா அந்த மூடறவரு? என் சுவிட்ச் பாக்ஸையே பூசி மூடிட்டீங்களே கொத்தனாரே, நான் ஒரு நாள் பூரா செவுத்தத் தட்டித் தட்டித் தேடிக்கினு இருந்தேன்."

"பாக்ஸ்னு எனக்கு எப்டிபா தெரியும்? ஓட்டைன்னு நெனச்சேன்."

எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, போண்டா வாங்கிக் கொடுத்து, நீ சொன்னதை நான் சொன்னதாகச் சொன்னேன். கலருக்கு எங்கே போவது? சாயம் போட்ட பட்டு நூல் துண்டுகள் ஒரு பை நிறைய என்னிடம் கிடக்கிறது. இந்த ஊரில் யார் வீட்டில்தான் கிடக்காது? சுவரில் ஆணி அடித்து நூலை இழுத்துக் கட்டிவிட்டால் அழியாது, மழையில் கரையாது. கரண்டுக்குச் சிவப்பு, தண்ணீருக்குப் பச்சை, கதவு நிலைக்கு மஞ்சள், கொத்தனார் தொடாமல் விட வேண்டிய இடத்துக்கு வெள்ளை. நூல் இருந்தால் நூல்படி வேலை, ஒருத்தர் நூலை ஒருத்தர் கேள்வி கேட்பது கிடையாது என்று நாலு பேரும் சத்தியம் செய்தார்கள். பாத்ரூம் சுவரில் நானே நின்று கட்டினேன். தறியில் பாவு இழுத்துக் கட்டினது மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது. கதவுக்கு ஒரே ஒரு மஞ்சள் நூல், கூடத்துப் பக்கம். அதையும் எழுதி வைக்கிறேன். ஒரே ஒன்று.

மறுநாள் என் முழங்கால் வீங்கிவிட்டது. வாடகை வீட்டில் படுத்தவள் எழுந்திருக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. தணிகாசலம் சாயங்காலம் வந்து, "வேல சூப்பரா போய்க்கினு இருக்குதுமா, ஒரு சண்டை கெடையாது," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். என் வயிற்றில் பெற்ற பிள்ளை சொல்கிறானே என்று நானும் நிம்மதியாகத் தைலம் தேய்த்துக்கொண்டு கிடந்தேன்.

எழுந்து போய்ப் பார்க்கிறேன். பாத்ரூமுக்குக் கூடத்திலிருந்து ஒரு கதவு. சமையலறையிலிருந்து ஒரு கதவு. பூஜை அறையிலிருந்து ஒரு கதவு. தெருவிலிருந்து நேராக ஒரு கதவு. சமையலறைப் பக்கத்திலேயே என் மார்பு உயரத்துக்கு மேலே, அடியில் ஒன்றும் இல்லாமல், அந்தரத்தில் இன்னொரு கதவு. சுவர் என்று சொல்ல மூலைக்கு மூலை கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆணி அடிக்க இடம் இல்லை. பைப் வைக்கச் சுவர் இல்லாததால் சரத்குமார் தரை நடுவிலிருந்து பைப்பை நேராக மேலே கிளப்பி, கொடிமரம் மாதிரி நிறுத்தி, அதில் குழாய் மாட்டியிருந்தான். மொஹசின் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சுவிட்ச் வைத்திருந்தான், எல்லாம் ஒரே பல்புக்கு. ஒருத்தர் போட்டால் இன்னொருத்தர் அணைக்கலாம்.

ஆசாரியைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன்.

"யோவ் ஆசாரி, என்னய்யா இது?"

"மஞ்ச நூலு இருந்துச்சிமா. மஞ்ச நூலு இருந்தா நெலை. நீங்க சொன்னதுதானே."

"அந்தரத்துல யாருய்யா கதவு வெப்பாங்க? பறந்து போறதுக்கா?"

"நூலு அங்கதாம்மா இருந்துச்சி. ஏன் அங்கன்னு கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சத்தியம் வாங்கினீங்க. எனக்கும் மனசு அடிச்சிக்கிச்சிதான். ஆனா ஒத்துமைன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

முனிரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தினி வருசமா கட்டடத்துல நிக்கறேன்மா, இந்த மாதிரி சண்டையே இல்லாம ஒரு வேல பார்த்ததில்ல. ஆசாரி நெலைய காட்டுவாரு, நான் செவுத்த ஒடைப்பேன், பாய் சுவிட்ச் வெப்பான். மனசு நெறஞ்சி போச்சி."

அத்தனை மஞ்சள் நூலையும் யார் கட்டியது என்று கேட்டதற்கு மொஹசின் தலையைச் சொறிந்தான். "தெருவுல இருந்து பொம்பளைங்க வந்தாங்க ஆயா. மஞ்சள் தடவி ஆளுக்கு ஒண்ணு கட்டிட்டு, கண்ண மூடி கும்புட்டுப் போனாங்க. நீங்கதான் அனுப்பினீங்கன்னு நெனச்சோம்." அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆணி அடித்து வண்ண வண்ணமாகப் பட்டு நூல் கட்டின சுவரைப் பார்த்தால் இந்த ஊரில் எவளாவது ஒயரிங் என்று நினைப்பாளா? ஏதோ வேண்டுதல் என்றுதான் நினைப்பாள். குழந்தை வேண்டும் என்று ஒருத்தி, மாப்பிள்ளை அமைய வேண்டும் என்று ஒருத்தி, எதிர்வீட்டு நெட்டைப் பெண் எட்டின மட்டும் உயரத்தில் ஒன்று. ஒவ்வொரு வேண்டுதலும் ஒரு கதவாகிவிட்டது.

"நீ பார்த்துக்கினு இருந்தியேடா?" என்று தணிகாசலத்தைக் கேட்டேன்.

"பார்த்துக்கினுதான்மா இருந்தேன். நல்லா காத்து வருதேன்னு நெனச்சேன்."

கூடத்துக் கதவைத் தவிர மற்ற நாலையும் அடையுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தெருவில் ஆட்டோ வந்து நின்றது. ஆட்டோவிலிருந்து அங்கம்மாள் இறங்கினாள். கூடவே பொன்னியும் இறங்கினாள்; பாத்ரூம் பிடித்திருந்தால் அப்படியே விட்டுவிட்டுப் போவது, பிடிக்காவிட்டால் அதே ஆட்டோவில் திரும்பக் கூட்டிக்கொண்டு போவது என்று அங்கம்மாள் கணக்கு. ஆட்டோக்காரரைப் போக விடாமல் டீக்கடைப் பக்கம் நிறுத்தியிருந்தாள் பார், அதிலிருந்தே அவள் மனசு தெரிகிறதா இல்லையா?

அங்கம்மாள் உள்ளே வந்து பார்த்தாள். ஒவ்வொரு கதவாகத் திறந்தாள், மூடினாள். ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் பார்த்தாள். அதே திருப்பிப் பார்க்கிற புத்தி. "இன்னா சம்மந்திமா, பாத்ரூமா, பஸ் ஸ்டாண்டா?" என்றாள். ஜெயம்மாள் காபியை நீட்டினாள், அவள் வாங்கவில்லை. "உள்ள நின்னு பார்த்தாத்தான் தெரியும். எல்லாத்தையும் சாத்துங்க," என்று நடுவில் போய்க் குழாய்ப் பக்கத்தில் நின்றாள். பெரிய மனுஷி சொல்கிறாளே என்று மரியாதைக்கு ஆளுக்கு ஒரு கதவைச் சாத்தினார்கள். கூடத்துப் பக்கம் தணிகாசலம், சமையலறையில் இரண்டு கதவையும் பரமசிவம், பூஜை அறையில் சரத்குமார், முனிரத்தினம் தெருப்பக்கம் வெளியே போய் நின்று. சாத்தினதோடு விட்டார்களா? ஆளுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டார்கள். ஆசாரி எல்லாத் தாழ்ப்பாளையும் வெளிப்பக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு கதவும் தலைவாசல் என்று நினைத்துச் செய்தாராம். மொஹசின் வெளிச்சம் போடலாம் என்று ஒரு சுவிட்சைத் தட்டினான், அதே நேரத்தில் சரத்குமாரும் தட்டினான், எரிந்த பல்பும் அணைந்தது.

"யாராச்சும் தெறங்கயா! இருட்டா இருக்குது!" என்று உள்ளே அங்கம்மாள் கத்தினாள். ஒருத்தரும் திறக்கவில்லை. "மொதல்ல சாத்தினது அவரு, அவருக்கு முந்தி நான் எப்டி கை வெக்கறது?" என்று பரமசிவம் சரத்குமாரைப் பார்த்தார். ஒருத்தர் வேலையில் ஒருத்தர் கை வைக்கக் கூடாது, உன் சத்தியம். இதற்குள் தலைவாசல் பக்கம் ஒரு பெரிய இரைச்சல். லாரிக்காரன் எம்-சாண்ட் மணலைக் கொண்டுவந்து தலைவாசலை மூடிக் கொட்டிவிட்டுப் போய்விட்டான். எல்லாச் சாமானும் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும் என்று அவர்கள் ஒற்றுமையாகப் பேசி ஏற்பாடு செய்திருந்தார்களாம். நம் தெரு வீடுகளுக்குக் கொல்லை வழி கிடையாது, உனக்கே தெரியும்.

தம்பி, நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த நேரத்தில் பயம் வரவில்லை. அங்கம்மாள் இருட்டில், தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம், ஓட வழி இல்லாமல், மேளச் சத்தம் இல்லாமல், என் சொல் கேட்கிற தூரத்தில் நிற்கிறாள். இப்படி ஒரு நேரத்தைக் கடவுள் ஒரு தடவைதான் கொடுப்பார். கூடத்துக் கதவிடம் போனேன். முழங்கால் வலிகூடத் தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "சம்மந்திமா, கல்யாணத்தன்னிக்கு நீங்க அந்தப் பொடவைய..." என்று ஆரம்பித்தேன்.

"ஆயா," என்று பின்னால் பொன்னி கூப்பிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வேர்த்திருந்தது. "ஆயா, இடுப்பு விட்டு விட்டு வலிக்குது ஆயா."

அவ்வளவுதான். புடவை போயிற்று, பதில் போயிற்று. தலைவாசலில் மணல் மலை. ஆட்டோ தெருவில். பிள்ளைத்தாய்ச்சியை மணல்மேல் ஏற்ற முடியுமா? தணிகாசலம், "மண்வெட்டி எங்க, மண்வெட்டி எங்க," என்று மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே தேடினான். நான் ஒரு கத்துக் கத்தினேன். "தெருப்பக்கம் ஒரு கதவு இருக்குதேய்யா! எவன் சாத்தினதா இருந்தா என்ன, தெறங்கடா எல்லாத்தையும்!" கூடத்துக் கதவை நானே திறந்தேன், தெருப்பக்கத்தை முனிரத்தினம் திறந்தார், நேருக்கு நேராகத் தெரு தெரிந்தது, டீக்கடை தெரிந்தது, ஆட்டோ தெரிந்தது. நடுவில் அங்கம்மாள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றாள். பிளாஸ்டிக் நாற்காலியில் பொன்னியை உட்கார வைத்து நாலு பேரும் நாலு காலைப் பிடித்துத் தூக்கினார்கள். அந்த நாலு பேர் ஒன்றாகச் சேர்ந்து ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான். "பாய், ஒம் பக்கம் தாழ்த்து." "கொத்தனாரே, படி இருக்குது பார்த்து." நடுவில் குழாய் நின்றதால் அதைச் சுற்றி வலம் வர வேண்டியிருந்தது, சரத்குமாரின் முட்டி பட்டுக் குழாய் திறந்துகொண்டு எல்லார் மேலும் தண்ணீர் அடித்தது. அங்கம்மாள் தன் முந்தானையைப் பொன்னி தலைக்கு மேல் குடை மாதிரி பிடித்துக்கொண்டே கூட ஓடினாள். அவள் கட்டியிருந்தது நல்ல பட்டு. நனைந்தே போயிற்று. அதையும் நான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் ஆட்டோவிலேயே ஆகியிருக்கும் என்று நர்ஸம்மா சொன்னாள். வராந்தாவில் நானும் அங்கம்மாளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சம்மந்திமா, அந்தத் தெருப்பக்கத்துச் செவுத்துல மொதல்ல மஞ்ச நூலு கட்டினது நான்தான். நீங்க படுத்துக்கினு இருந்தப்ப சொல்லாம வந்து பார்த்தேன். பட்டு நூலா கட்டி பொன்னிக்காக வேண்டிக்கினு இருக்கீங்கன்னு நெனச்சேன். நாம ஒண்ணும் வேண்டிக்கலியேன்னு வெக்கமா போச்சி. நல்லபடியா பெத்துக்கணும்னு ஒண்ணு கட்டிட்டு ஓசைப்படாம போய்ட்டேன். அத பார்த்துட்டுதான் தெருவுல மத்தவங்களும் கட்டியிருப்பாங்க."

அந்த நூல்தான் அந்தக் கதவு. அந்தக் கதவு வழியாகத்தான் பொன்னி போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கட்டினது வேண்டுதல் இல்லை, பைப் போகிற வழி என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் என்ன? அவளே பேசினாள்: "பொண்ணும் கொழந்தையும் ஒங்க வூட்டுக்கே வரட்டும் சம்மந்திமா. அந்த வாசல் வழியாவே கூட்டிக்கினு போங்க." அவள் ஈரப் புடவை முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அதைத் திருப்பி உள்பக்கம் பார்க்க எனக்கு நல்ல வாய்ப்பு. பார்க்கவில்லை.

ஆகவே தம்பி, நன்றாக யோசித்துப் பார்த்தால் மன்னிக்காமல் விடுவதற்கு இப்போது யாரும் மிச்சம் இல்லை. முனிரத்தினத்தை மன்னித்தேன். ஆசாரியை மன்னித்தேன். மொஹசினையும் சரத்குமாரையும் நாற்காலி தூக்கினதற்காக மன்னித்தேன். தணிகாசலத்தை மன்னித்து எனக்குப் பழக்கம்தான். அங்கம்மாளை முழு மனசாக மன்னித்தேன். அந்தப் பதிலை வாயிலிருந்து துப்பிவிட்டேன், இனி அது கிடையாது. உன்னையும் மன்னிக்கிறேன், இனிமேல் யாருக்கும் கட்டடம் பற்றி யோசனை சொல்லக் கூடாது என்கிற கண்டிஷனோடு. நாளைக்கே முனிரத்தினம் வந்து வேண்டாத கதவுகளை அடைக்கிறார். பாத்ரூம் பாத்ரூமாக ஆன பிறகு நீ குடும்பத்தோடு வா. காமாட்சி உங்கள் எல்லாரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பாள். நான் சொல்வது கோயிலில் இருக்கிறவளை, என்னை இல்லை.

உன் அக்காள்,
காமாட்சியம்மாள்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. கதவுகளை அடைக்கவில்லை. விஷயம் பரவி, தென்னேரியிலிருந்துகூடப் பெண்கள் வந்து நூல் கட்டுகிறார்கள். அவர்கள் போகிற வரைக்கும் நாங்கள் பாத்ரூம் போக எதிர்வீட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கம்மாள் தன் வீட்டிலும் இதே மாதிரி ஐந்து கதவோடு கட்ட வேண்டும் என்று நாலு பேரையும் வாலாஜாபாத்துக்குக் கூட்டிப் போகப் போகிறாள். கலர் விஷயத்தை நேரில் விளக்க நீ வர வேண்டுமாம், போய்த் தொலை. நேற்றுக் குழந்தையைத் தொட்டிலில் போட்டோம். கொள்ளுப்பாட்டி பெயர் வைப்பது என்று நான் மனசுக்குள் முடிவு செய்து, ஜெயம்மாளிடமும் சொல்லி, சர்க்கரைப் பொங்கலும் வைத்தாயிற்று. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருவதற்குள், தொட்டிலுக்குப் பக்கத்தில் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டவள் குழந்தையின் காதில் குனிந்து மூன்று தடவை தன் பெயரையே சொல்லிவிட்டாள். இனி ஆயுசுக்கும் நான் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கொஞ்ச வேண்டும், அந்தப் பெயரைச் சொல்லித்தான் சோறு ஊட்ட வேண்டும். மேலே மன்னித்தேன் என்று எழுதின இடத்தை எல்லாம் அடித்துவிடு. பதிலையும் நான் துப்பவில்லை, இங்கேதான் இருக்கிறது. நான் மன்னிக்காத ஆள் அங்கம்மாள். தொட்டிலில் கிடக்கிறவள் இல்லை, தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கிறவள்.